ராகு காலத்தில் கட்டிப் பார்த்த வாச்சு

சுதர்சினி ஒரு காரியத்தைத் தொடங்குவதென்றால் முதலில் நேரம் பார்ப்பாள். பார்க்கட்டும், யார் வேண்டாமென்றது? ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள்தான். ஆனால் இவள் பார்க்கிறது கொஞ்சம் கூட. பால் காய்ச்சுவதிலிருந்து பல் பிடுங்குவதுவரை கலண்டரைப் புரட்டி, ராகு எப்போது, எமகண்டம் எப்போது, குளிகை எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். பதுளையில் அவர்கள் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்த அன்றைக்கு, ராகு முடியட்டும் என்று லொறிக்காரரை ரோட்டிலேயே நிறுத்திவைத்து, அவருக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் அவள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, அந்தப் புதன்கிழமை, கண்டியில் வைத்து, ஒரேயொரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். புருசன் ரவிகுமார். டோஹாவில் லிப்ட் திருத்துகிற வேலை. பழைய ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்திருந்தார். இன்னும் மூன்று வருடத்துக்கு வருகிறாயா இல்லையா என்று கம்பெனி கேட்டிருந்தது. பதில் இன்றைக்கே போக வேண்டும், சம்மதமென்றால் வெள்ளிக்கிழமை விமானம். 'வருகிறேன்' என்ற பதிலை ஆங்கிலத்தில் எழுதி போனில் தயாராக வைத்திருந்தார். ராகு முடிந்ததும் அனுப்பிவிடுவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார். சுதர்சினியோடு குடும்பம் நடத்தியதில் அந்தப் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

போகாதீங்க. இதுதான் அவள் சொல்ல வேண்டியது. பெரிய சங்கதியா இது? வாயைத் திறந்தால் சொல்லி முடிந்துவிடும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

நல்ல நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திட்டம் போட்டிருந்தாள். மகள் கிருஷாந்தியைக் கெலிஓயாவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, புருசனும் பெண்சாதியுமாக இரண்டு நாள் கண்டியைச் சுற்றிப் பார்க்க வந்த பயணம் இது. வாவிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஹோட்டலாகப் பார்த்து அவர்தான் அறை எடுத்திருந்தார். காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். கும்பிட்டு முடித்ததும் பிரகாரத்தில் வைத்துச் சொல்வதாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹந்தானைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேச்சை முடித்தபோது ஐயர் பிரசாதம் கொடுத்தார். பிரசாதம் தின்று முடித்தபோது மழை. ஹோட்டலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டி, புதன்கிழமை ராகு தொடங்கிவிட்டது.

இனி ஒன்றரை மணித்தியாலத்துக்கு நல்லது எதுவும் பேச முடியாது. அது முடிந்தவுடன் அவர் அந்தப் பதிலை அனுப்பிவிடுவார்.

ஹோட்டலின் கீழ்த்தட்டில், வெளிநாட்டுக்காரர் வந்து போகிற இடத்தில், ஒரு கைக்கடிகாரக் கடை இருந்தது. கடை என்று சொன்னால் அதற்கே கோபம் வரும். அப்படி ஒரு வெளிச்சம், அப்படி ஒரு அமைதி. ரவிகுமார் நேற்று வந்து இறங்கியதிலிருந்து அதன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டோஹாவில் வேலை முடிந்து அறைக்கு வந்தால், மற்றவர்கள் படம் பார்க்க, இவர் மட்டும் கைக்கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டுகிற வீடியோக்களைப் பார்ப்பார். பேட்டரி இல்லாத, சக்கரமும் சுருள்வில்லுமாக ஓடுகிற ஒன்றை வாங்கிக் கட்டிவிட வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. இன்றைக்கு வாங்கியே தீருவதென்று இருந்தார்.

ராகு என்று அவள் நினைவுபடுத்தியதும் அவர் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் கடைக்குள் இருந்த பெண் கதவைத் திறந்தாள். ரிஸ்னா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வெளிர்நீல முக்காடு, நிதானமான முகம். இவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்க வேண்டும். இந்த ஊரில் சிங்கள ஆட்களும் ராகு பார்க்கிறவர்கள்தான், அதனால் தனக்கு ஏழு நாளின் ராகுவும் மனப்பாடம் என்று சிரித்தாள். கட்டிப் பார்ப்பதற்கு என்ன ராகு, வாங்குவதற்குத்தானே என்றாள். வெளியே மழை வேறு. இருவரும் உள்ளே போனார்கள்.

மெத்தை வைத்த கதிரையில் உட்கார்த்தி, முன்னால் கறுப்பு வெல்வெட் தட்டு ஒன்றை வைத்து, ரிஸ்னா கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதலாவது வெள்ளை முகத்தோடு, மெல்லிசாக, கட்டினதே தெரியாமல் இருந்தது. இரண்டாவது ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் கட்டுவதாம். பதுளையில் எந்தக் கடல் என்று சுதர்சினி நினைத்தாள், சொல்லவில்லை. மூன்றாவதன் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ரவிகுமார் அதைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது. கை அசைகிற அசைவிலேயே வில் முறுக்கேறும், அந்த முறுக்கு இந்தச் சக்கரத்தை ஓட்டும், சக்கரம் முள்ளை ஓட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, மனுசனுடைய முகம் ஒரு வயது குறைந்து, இன்னொரு வயது குறைந்து, பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டது. சுதர்சினிக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இந்த முகத்தை வீட்டில் வைத்து அவள் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்? லீவில் வந்தால் முதல் வாரம் விருந்து. இரண்டாவது வாரம் சீனிப் போத்தல் எங்கே, துவாய் எங்கே என்று அலுமாரி அலுமாரியாகத் திறந்துகொண்டிருப்பார். எல்லாம் எங்கே இருக்கிறதென்று அவர் பழகுகிற நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

அவர் இப்படி வந்து வந்து போவதில் அவள் கையும் கொஞ்சம் உண்டு. குளிகை நேரத்தில் செய்தது திரும்ப நடக்கும் என்பது கணக்கு. அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், பிணம் எடுக்கமாட்டார்கள். அவர் முதல்முறை டோஹாவுக்குப் போனபோது, கிருஷாந்தி கைக்குழந்தை. குளிகையில் வழியனுப்பினால் போனவர் திரும்பி வருவார் என்று சுதர்சினி தானாகவே ஒரு சாத்திரத்தைக் கண்டுபிடித்து, சரியாகக் குளிகை பார்த்து அவரை வாசல்படி இறக்கினாள். அடிப்பாவி, குளிகையில் அவர் செய்தது போனதுதானே! அதுதான் திரும்பத் திரும்ப நடந்தது. அவர் வந்தார், போனார், வந்தார், போனார். அதை அவள் இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ரிஸ்னா சுதர்சினியின் கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டாள். சின்ன வட்டம், உள்ளே நீல முள். அழகாகத்தான் இருந்தது. அதில் மணியைப் பார்த்தவள் அழகை மறந்துவிட்டாள். ராகு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. எல்லாரும் முடியட்டும் முடியட்டும் என்று காத்திருக்கிற ராகு, அது முடிந்துவிடக் கூடாதே என்று அவள் மட்டும் நெஞ்சு பதறக் காத்திருந்தாள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான்.

"இது உங்களுக்கெண்டே செஞ்சது மாதிரி ஈக்கும்," என்று, டோஹாவில் வேலை என்பதை அவர் பேச்சிலிருந்து பிடித்துக்கொண்ட ரிஸ்னா கடைசியாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

அதில் நான்கு முள். மணி, நிமிடம், செக்கன் போக, சிவப்பு நுனியோடு ஒன்று தனியாக நின்றது. வெளியூருக்குப் போகிறவர்களுக்காகச் செய்ததாம். சாதாரண முள் இருக்கிற ஊரின் நேரத்தைக் காட்டும், சிவப்பு முள் இன்னோர் ஊரின் நேரத்தைக் காட்டும். ரவிகுமார் அதைக் கட்டிக்கொண்டு கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். அவர் கண்ணெல்லாம் அதிலேயே இருந்தது.

"பாத்தியா சுதா? இத கட்டிக்கிட்டா அங்க இருந்துக்கிட்டே உன் நேரம் தெரியும். நீ எந்திரிச்சிட்டியா, புள்ள ஸ்கூலுக்குப் போயிட்டாளான்னு போன் எடுக்காமலே பாத்துக்கலாம்."

சுதர்சினி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

ரிஸ்னா கொஞ்சம் தயங்கினாள். விற்கிறவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இதில் ஒரு விசயம் இருக்கிறது என்று மெல்லச் சொன்னாள். சிவப்பு முள் மணி மணியாகத்தான் தாவும். நிமிட முள்ளோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டோஹாவுக்கும் நமக்கும் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். இரண்டு என்று வைக்கலாம், மூன்று என்று வைக்கலாம், இரண்டரை என்று வைக்க முடியாது. எப்படி வைத்தாலும் நம் ஊர் நேரம் அரை மணித்தியாலம் பிழையாகத்தான் காட்டும். இதைச் செய்தவர்கள் இப்படி அரைக் கணக்கில் நேரம் வைத்திருக்கிற நாட்டை நினைத்துப் பார்க்கவில்லை போல என்றாள்.

ரவிகுமார் சிரித்தார். கையிலிருந்து அதைக் கழற்றுகிற எண்ணமே அவருக்கு இல்லை.

"அரை மணித்தியாலம்தானே. அத மனசுல கூட்டிக்கிறேன்."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு சுதர்சினியின் நெஞ்சில் போய் எங்கேயோ குத்தியது. மனசில் கூட்டிக்கொள்வார். இத்தனை வருடமும் அதைத்தானே செய்தார்? மகள் நடக்கத் தொடங்கியதை மனசில் கூட்டிக்கொண்டார். பெற்ற அம்மாவின் செத்த வீட்டை மனசில் கூட்டிக்கொண்டார். சுதர்சினி டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் அங்கே இருந்தே மனசில் கூட்டிக்கொண்டார். இனி மூன்று வருடத்துக்கு மறுபடியும் அதே கணக்கு. சுவர்க்கடிகாரத்தில் மணியைப் பார்த்தாள். ராகு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"என்னங்க," என்றாள். "நீங்க போகாதீங்க."

ரவிகுமாருக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே போக வேண்டாம் என்று கேட்கிற மாதிரி பார்த்தார். பிறகு விளங்கியது. கை அப்படியே வெல்வெட் தட்டின் மேல் நின்றுவிட்டது. ரிஸ்னா, தேத்தண்ணி கொண்டு வருகிறேன் என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு உள்ளே போனாள். கெட்டிக்காரி.

"ராகு காலத்துலயா இத சொல்ற?" என்றார் அவர், மெதுவாக.

"ஆமாங்க, ராகு காலத்துலதான். நல்ல நேரம் பாத்துப் பாத்து உங்கள நான் அனுப்பித்தானே வச்சிருக்கேன். எத்தன நல்ல நேரம் பாத்தேன், ஒண்ணாவது உங்கள வீட்டுல வச்சிச்சா? அதான் கெட்ட நேரத்துல கேட்டுப் பாக்கிறேன். எனக்கு நீங்க வேணும். வாச்சுல என் நேரத்த பாக்க வேணாம். வந்து என்கூட இருங்க."

சொல்லிவிட்டாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். வீட்டின் மேல்தட்டு இன்னும் பூசவில்லை, பிள்ளையின் படிப்பு என்று ஆயிரம் சொல்வார் என்று நினைத்தாள். அவரோ குனிந்து அந்தச் சிவப்பு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே மழை விட்டு, ஹோட்டல் வாசலில் ஒரு வேனிலிருந்து வெள்ளைக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒரு தடவகூட சொன்னதில்லையே, சுதா," என்றார் கடைசியில். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மொத தடவ போறப்போ வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். போகாதீங்கன்னு நீ சொல்லுவியான்னு பாத்தேன். நீ நேரமாச்சு, எறங்குங்கன்னு சொன்ன. ரெண்டாவது தடவயும் பாத்தேன். அதுக்கப்புறம் உனக்கும் இதுதான் வசதின்னு நினைச்சிட்டேன்."

சுதர்சினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாசல் அவளுக்கும் நன்றாக நினைவிருக்கிறது. குளிகை முடிந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் அவரை விரட்டாத குறையாக இறக்கினாள். அவர் திரும்பிப் பார்த்ததை அவள் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குளிகைக் கதை முழுவதையும் இப்போது அவரிடம் சொன்னாள், திக்கித் திக்கி. திரும்பி வர வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன் என்றாள்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி ரவிகுமாருக்கு ஒன்று வந்தது. தனக்கும் பயம்தான் என்று சொன்னார். அங்கே போனால் தான் இல்லாமல் லிப்ட் ஓடாது என்று கூப்பிடுகிறார்கள், இங்கே வந்தால் தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டினேன் என்றார். கண்டியில் இப்போது மாடி மாடியாகக் கட்டுகிறார்களே, அந்த லிப்டெல்லாம் பழுதாகாதா என்று சுதர்சினி கேட்டாள். பழுதாகும் என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

போனை எடுத்தார். எழுதி வைத்திருந்ததை அழித்தார். வேறொன்று எழுதத் தொடங்கினார். சுதர்சினிக்கு உடனே பழைய புத்தி வந்துவிட்டது, அதை என்ன செய்வது! சுவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. ராகு முடிய இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

"அதனாலதான் இப்பவே அனுப்புறேன்," என்றார் ரவிகுமார். "நல்ல நேரத்துல தொடங்கினா விருத்தியாகும்னு நீதானே சொல்லுவ? இந்தப் போறதும் வர்றதும் இனி விருத்தியாக வேணாம்."

வரமாட்டேன் என்று எழுதி, அவளுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, அனுப்பினார். பிறகு கையிலிருந்ததைத் தானே கழற்றி, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, தட்டில் வைத்தார். வைத்த பிறகும் ஒரு விரல் அதைக் கொஞ்சம் தடவிக்கொண்டுதான் இருந்தது. ஆசை விட்டுவிடுமா என்ன?

ரிஸ்னா மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். ஒன்று அவளுக்கு. ராகு முடிந்துவிட்டது, எதை எடுத்து வைக்க என்று அவள் கேட்கவேயில்லை. இருவர் முகத்தையும் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீணாகப் போன கோபம் அவளிடம் இல்லை. சுதர்சினி மன்னிப்புக் கேட்டபோது, ஊரில்தானே இருக்கப்போகிறீர்கள், மனசு வந்தால் இன்னொரு நாள் வந்து கட்டிப் பாருங்கள் என்றாள். தேத்தண்ணியில் இஞ்சி கொஞ்சம் கூட, ஆனால் நன்றாக இருந்தது.

வாவிக் கரையில் ஈரம் காயாத மர நிழலில் நடந்துகொண்டே சுதர்சினி அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள். அக்கா எடுக்கவில்லை, கிருஷாந்திதான் எடுத்தாள். சுதர்சினிக்கு ஆசை தாங்கவில்லை. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்காமல், சத்தத்தைக் கூட்டி இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா வெள்ளிக்கிழம போகலடா."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது.

"அப்ப சனிக்கிழமையா?" என்றாள் பிள்ளை.

ரவிகுமார் நின்றுவிட்டார். சனிக்கிழமையும் இல்லை, அப்பா போகவே இல்லை என்று அவர்தான் பதில் சொன்னார். சரி என்றாள் கிருஷாந்தி. அழவில்லை, குதிக்கவில்லை. பஸ்ஸு பிந்தும் என்று சொன்னால் எப்படிச் சரி என்பாளோ, அதே சரி.

"பெட்டிய கட்டிட்டு சொல்லுங்க," என்றாள். "நான் வாறேன் எயார்போட்டுக்கு."

அவர் போனைச் சுதர்சினியின் கையில் கொடுத்துவிட்டு வாவிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சுதர்சினி பிள்ளையிடம், பெரியம்மாவை உலை வைக்கச் சொல்லு, நாங்கள் சாப்பிட வருகிறோம் என்று சொல்லி வைத்தாள். ஹோட்டலில் இன்னும் ஓர் இரவு பாக்கி இருந்தது. அதை அவர்கள் இருவரும் நினைக்கவே இல்லை. அறைக்குப் போய்ப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, கெலிஓயா பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.